கஞ்சிக் காணொளி யாருடைய கண்ணிலும் படவில்லை: சொல்லாமல் மறைக்கப்படும் பதிவுகள் பற்றி

நந்திக்கடலோரம் | புதுக்குடியிருப்பு | இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாகக் கிராமத்துச் சமையல், வீட்டுத்தோட்டம், கோயில் பொங்கல் என்று சிறு காணொளிகள் எடுத்து வெளியிட்டு வருகிறேன். என்னுடையது பெரிய சனல் அல்ல. ஆயினும் ஒரு காணொளி போட்டால் முதல் இரண்டு நாட்களுக்குள் ஐயாயிரம், ஆறாயிரம் பேர் பார்த்துவிடுவார்கள்.

கடந்த மே மாதம் எங்கள் ஒழுங்கையில், 2009 இல் போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்ததை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியதை எடுத்தேன். அம்மா கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, கழுவிய அரிசியைப் போட்டு, உப்பு மட்டும் சேர்த்து, நீண்ட அகப்பையால் துழாவிக்கொண்டு நின்றார். தேங்காய்ப்பாலும் இல்லை, பயறும் இல்லை. பிள்ளைகள் வரிசையாக வந்து சிரட்டையில் வாங்கிக் குடித்தார்கள். நான் பின்னணி இசை எதுவும் சேர்க்கவில்லை. அகப்பை கிடாரத்தின் அடியில் உரசும் ஓசையும், "2009 இல் இதற்குத்தான் வரிசையில் நின்றோம், நின்ற இடத்திலேயே சிலர் விழுந்தார்கள்" என்று அம்மா சொன்ன ஒரு வரியும் மட்டுமே அதில் இருந்தன. கொடியோ, சீருடையோ, எந்த அமைப்பின் பெயரோ அதில் இல்லை.

மூன்று நாட்களில் 212 பேர் பார்த்திருந்தார்கள். தளம் அதை நீக்கவில்லை, எச்சரிக்கையும் அனுப்பவில்லை. என் தொலைபேசியில் திறந்தால் காணொளி அப்படியே இருக்கிறது. ஆனால் என்னுடைய ஒன்றையும் தவறவிடாத வேலிக்கு அப்பால் உள்ள அக்கா, "இந்த முறை கஞ்சி வீடியோ போடேல்லையோ?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய தொலைபேசியை வாங்கி, காணொளியின் தலைப்பை எழுத்துப் பிசகாமல் தட்டித் தேடினேன். மூன்று ஆண்டுகளுக்கு முந்திய மரவள்ளிக்கிழங்குப் பொரியல் வந்தது, கஞ்சி வரவில்லை. அதற்குப் பின் போட்ட வற்றாப்பளைப் பொங்கலும், நுங்கு வெட்டுவதும் முந்நூறைத் தாண்டவில்லை.

பார்வை குறைந்ததைவிட, பிழை என்னுடையதா அல்லது யாரோ மறைத்தார்களா என்று தெரியாமல் இருப்பதே என்னை அரிக்கிறது. ஒரு மாதமாகக் கமராவைக் கையில் எடுக்கவில்லை. உங்களில் வேறு எவருக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பாலியாற்றான் | வவுனிக்குளம்

தங்கச்சி, உங்கள் மனவருத்தம் விளங்குகிறது. ஆனாலும் எல்லாச் சரிவையும் நிழல் தடை (பதிவை நீக்காமல், சொல்லாமல் மறைப்பது) என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தளங்கள் தங்கள் பரிந்துரை முறையை அடிக்கடி மாற்றுகின்றன. 2018 ஜனவரியில் முகநூல், நண்பர்களும் உறவினர்களும் இடும் பதிவுகளுக்கு முதலிடம் கொடுக்கப்போவதாக அறிவித்தபோது, உலகெங்கும் பக்கங்களின் எட்டுகை, அதாவது பதிவு போய்ச் சேரும் ஆட்களின் தொகை, விழுந்தது. அது எவரையும் குறிவைத்த மறைப்பு அல்ல. மே மாதத்தில் எல்லாருமே ஒரே பொருளைப் பதிவிடுவதால் கூட்டத்துக்குள் உங்களுடையது அமிழ்ந்துபோயிருக்கவும் கூடும்.

ஆகவே அளந்து பாருங்கள். புள்ளிவிபரப் பக்கத்தில் பின்தொடர்வோர் பார்த்தது எவ்வளவு, பின்தொடராதோர் பார்த்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்படும். ஆர்வம் குறைந்திருந்தால் இரண்டும் சேர்ந்துதான் சரியும். பின்தொடராதோர் பக்கம் மட்டும் ஒரேயடியாக வெறுமையாகிவிட்டால் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஐயப்பட இடமுண்டு. உங்களைப் பின்தொடராத இரண்டு மூன்று பேரைக் கொண்டு, அவர்களுடைய தொலைபேசியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஸ்ரகிராமில் 2022 டிசம்பர் முதல் தொழில்முறைக் கணக்குகளின் நிலைப் பக்கத்தில், பின்தொடராதோருக்குப் பரிந்துரைக்கத் தகுதி உள்ளதா இல்லையா என்று காட்டுகிறார்கள். உங்கள் தளத்தில் அப்படி ஒரு பக்கம் இருந்தால் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நந்திக்கடலோரம்

அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். கஞ்சிக் காணொளிக்கு முன் பார்வையில் பத்துக்கு ஏழு பங்கு பின்தொடராதவர்களுடையது. கஞ்சிக் காணொளியில் அது ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தக்க அளவு. நுங்குக் காணொளியிலும் அப்படியே. கணக்கு நிலைப் பக்கத்தில் "எந்தச் சிக்கலும் இல்லை" என்று பச்சை நிறத்தில் எழுதியிருக்கிறது.

ஓலைக்கீற்று | கிளிநொச்சி

இந்தப் பச்சை எழுத்தை நானும் பார்த்திருக்கிறேன் தங்கச்சி. நான் பனையோலையில் பெட்டி, தட்டு, நீத்துப்பெட்டி இழைத்து விற்கிறேன். கடை இல்லை, பக்கம்தான் கடை. ஓலையை வார்ந்து, சாயம் போட்டு, இழைக்கும் காணொளியைப் போட்டால் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் செய்தி வரும், அதை நம்பித்தான் என்னோடு சேர்ந்து மூன்று பெண்கள் இழைக்கிறார்கள்.

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 இல் எங்கள் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். என்னோடு இழைப்பவர்களில் ஒருவருடைய மகனின் படமும் அந்தக் கொட்டகையில் தொங்கியது. ஓர் ஆண்டு நிறைவன்று அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நாற்பது விநாடிகளை எங்கள் பக்கத்தில் போட்டேன். அதற்குப் பிறகு நான் போட்ட பெட்டிக்கும் தட்டுக்கும் ஒரு விசாரிப்பும் வரவில்லை. அந்த மாதம் ஒரேயொரு கட்டளை, அதுவும் பழைய வாடிக்கையாளரிடமிருந்து. அந்தப் பதிவை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். எடுக்க மனம் வரவில்லை. ஆனால் மூன்று குடும்பத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கடைசியில் எடுத்தேன். அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓலையை நனைத்துக்கொண்டே இருந்தார். நான்கு கிழமைக்குப் பின் விசாரிப்புகள் வரத் தொடங்கின. அதை எடுத்ததால்தான் வந்ததா, அல்லது தானாகவே வந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததனால் அந்தப் பிழை என் தலையில்தான் கிடக்கிறது.

கணினிக்கொட்டில் | வவுனியா

ஓலைக்கீற்று அக்கா, நீங்கள் கடைசியாக எழுதியதுதான் இந்த விடயத்தின் நடு நரம்பு என்று நினைக்கிறேன். நான் கணினித்துறை மாணவி. இதைப் பற்றி வாசித்தவற்றில் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மறைப்பு என்பது வெறும் வதந்தி அல்ல. முகநூல் 2016 முதலே "நீக்கு, குறை, தெரிவி" என்ற கொள்கையை வைத்திருக்கிறது. இதில் "குறை" என்பது பதிவை நீக்காமல் எட்டுகையை மட்டும் இறக்குவது. யூரியூப் 2019 ஜனவரியில், விதியை மீறாத ஆனால் எல்லையை ஒட்டி நிற்கும் காணொளிகளைப் பரிந்துரையில் குறைப்பதாக அறிவித்தது. ருவிற்றர் 2018 இல் தாம் நிழல் தடை செய்வதில்லை என்று எழுதியது. 2022 டிசம்பரில் வெளியான அதன் உள் ஆவணங்களில் கணக்குகளைப் பரப்ப வேண்டாம், பிரபல வரிசையில் சேர்க்க வேண்டாம் என்று குறியிடும் கருவிகள் இருந்தது தெரிந்தது. ரிக்ரொக்கோ, மாற்றுத்திறனாளிகளின் காணொளிகளைக் கேலியிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அவற்றின் எட்டுகையைக் கட்டுப்படுத்தியதை 2019 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

எங்களுக்கு மிக நெருக்கமான பகுதி, முகநூலையும் இன்ஸ்ரகிராமையும் நடத்தும் மெற்றாவின் ஆபத்தான அமைப்புகள் பற்றிய கொள்கை. தடை செய்யப்பட்ட ஓர் அமைப்பைப் புகழ்வதைத் தடுக்கவே அது எழுதப்பட்டது. ஆனால் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் வரும் பதிவுகளை முதலில் பார்ப்பது இயந்திரம். இயந்திரத்துக்குச் சொல்லும் உருவமும்தான் தெரியும்; நினைவு கூர்வதற்கும் புகழ்வதற்கும் உள்ள வேறுபாடு தெரியாது. அரபு மொழியில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். "ஷஹீத்" என்ற சொல்லுக்குத் தியாகி என்ற பொருளும் உண்டு, விபத்தில் இறந்தவரையும் அப்படிச் சொல்வார்கள். மெற்றாவின் தளங்களில் வேறு எந்தச் சொல்லையும்விட அதிகமாக நீக்கத்துக்குக் காரணமான சொல் அதுதான் என்று அந்நிறுவனத்தின் மேற்பார்வைச் சபை 2024 மார்ச்சில் எழுதியது. முழுமையான தடையை விலக்குமாறு சபை கேட்க, அதே ஆண்டில் மெற்றா தளர்த்துவதாக அறிவித்தது. "மாவீரர்" என்ற சொல்லையோ "முள்ளிவாய்க்கால்" என்ற ஊர்ப் பெயரையோ இயந்திரம் எப்படி எடுக்கிறது என்று எங்களுக்காக அப்படி ஓர் ஆய்வை எவராவது கேட்டுப் பெற வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தடை செய்யப்பட்ட பி.கே.கே. அமைப்பைத் தொடங்கிய குர்திஷ் தலைவர் ஒசலானின் தனிமைச் சிறை பற்றிய ஒரு பதிவு நீக்கப்பட்ட வழக்கில் 2021 ஜூலையில் அதே சபை தீர்ப்புக் கூறியது. அப்படிப்பட்ட தடுப்புக்காவல் நிலைமைகளைப் பற்றிப் பேசலாம் என்ற உள் வழிகாட்டல் 2017 இலேயே எழுதப்பட்டிருந்தது. 2018 இல் வேறு முறைக்கு மாறியபோது அது தவறுதலாகத் தொலைந்து, மூன்று ஆண்டுகள் எவருக்கும் தெரியாமலே கிடந்தது. பேச அனுமதி இருந்த ஒன்றுக்காக மூன்று ஆண்டுகள் மனிதர்களின் பதிவுகள் நீக்கப்பட்டிருக்கக்கூடும். அந்த வழக்கில் நீக்கம் என்று ஒன்று நடந்ததால்தான் மேன்முறையீடு செய்ய முடிந்தது. எட்டுகையை மட்டும் இறக்கியிருந்தால் எந்தத் தீர்மானத்தை எதிர்த்து, யாரிடம் போவது?

வயல்வரம்பு | விசுவமடு

தங்கை எழுதிய ரிக்ரொக் விடயத்தை வாசித்ததும் இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. பொய்க்காலோடு உழவு இயந்திரம் ஓட்டுவதையும், வரம்பு கட்டுவதையும் காணொளியாகப் போடுகிறேன். இருக்கையில் இருந்தபடி இடுப்புக்கு மேலே மட்டும் தெரிய எடுத்தவை நன்றாக ஓடும். பொய்க்காலைக் கழற்றிச் சேறு கழுவுகிற பகுதி வந்தால் அந்தக் காணொளி நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கிறது போலும் என்று நினைத்து, அந்தப் பகுதியை நானே வெட்டி எறிந்துகொண்டிருந்தேன். என் ஊர்ச் சனம் அப்படி நினைக்கிறது என்று இரண்டு ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முறிகண்டி வழிப்போக்கன் | கிளிநொச்சி

இதுவரை வாசித்துக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதியவன் என்பதால் இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன்.

முதலாவது, கட்டுப்பாடே வேண்டாம் என்று எவரும் கேட்டுவிடாதீர்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது வெறுப்புப் பதிவுகள் முகநூலில் தடையின்றி ஓடின. தன் தளம் அதில் பயன்பட்டதற்கு அந்நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. தூண்டுகிற பதிவு ஓடுகிறது, துக்கப் பதிவு நிற்கிறது என்றால் மொழியையும் இடத்தையும் அறிந்த ஆட்கள் அங்கே போதாது என்றுதான் பொருள். இஸ்ரேல், பலஸ்தீனம் தொடர்பாக மெற்றாவே ஏற்பாடு செய்து 2022 செப்டெம்பரில் வெளிவந்த சுயாதீன ஆய்வும், அரபுப் பதிவுகள் அளவுக்கு மீறி நடவடிக்கைக்கு உள்ளாகின என்றே கண்டது. அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 60 இற்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நீக்கமும் மறைப்புமாக 1,050 நிகழ்வுகளைப் பதிவு செய்தது. அதில் நிழல் தடையும் ஒரு வகையாகக் காட்டப்பட்டிருந்தது.

இரண்டாவது விடயம்தான் எனக்கு அதிகம் நோகிறது. மறைப்புக்குப் பயந்து நம்முடைய பிள்ளைகள் எழுதும் தமிழைக் கவனித்தீர்களா? "மு.ள்.ளி" என்று புள்ளி வைக்கிறார்கள். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு "அந்த இடம்" என்கிறார்கள். "இனப்படுகொலை" என்பதற்கு நடுவே இலக்கத்தைச் செருகுகிறார்கள். போர் முடிந்த நாளான மே பதினெட்டு என்று எழுதாமல் ஒரு மெழுகுதிரிப் படத்தைப் போடுகிறார்கள். இயந்திரத்தை ஏய்க்கலாம் என்பது எண்ணம். ஆனால் அதே இயந்திரத்திடம்தான் பத்து ஆண்டு கழித்து ஒரு பிள்ளை "முள்ளிவாய்க்கால்" என்று முழுச் சொல்லாக எழுதித் தேடப்போகிறது. அப்போது சாட்சி சொன்ன ஆயிரம் பேருடைய பதிவுகள் அந்தப் பிள்ளைக்கு வராது, ஏனென்றால் சாட்சிகள் அந்தச் சொல்லை எழுதவே இல்லை. எங்களுடைய பத்திரிகைக் கட்டுகளை 2009 இல் இடம்பெயர்ந்தபோது தருமபுரத்தில் ஒரு வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து தோண்டியபோது கறையான் தின்ற மண்தான் கிடைத்தது. அதை எங்களால் தடுக்க முடியவில்லை. இதைத் தடுக்கலாம்.

பாலியாற்றான்

ஐயா, சொல்லை முழுதாக எழுதச் சொல்வது எளிது. 2024 மே மாதத்தில் சம்பூரில் கஞ்சி காய்ச்சி வழங்கியதற்காகப் பெண்களும் கைது செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு பெப்ரவரி முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றுக்குப் பதிவுகள் குறித்து உத்தரவிடும் அதிகாரத்தை அது கொடுக்கிறது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமும் இன்னும் நீக்கப்படவில்லை. பிள்ளைகள் புள்ளி வைப்பது தளத்துக்குப் பயந்து மட்டுமல்ல.

முறிகண்டி வழிப்போக்கன்

தம்பி சொல்வது உண்மை. அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து எழுதாமல் விடுகிறவருக்குத் தான் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரியும். அழைத்தால் சட்டத்தரணியோடு போகலாம், நீதவான் முன்னால் குற்றச்சாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். விசுவமடுத் தம்பி தன் காலைத் தானே காணொளியிலிருந்து வெட்டியது எவருடைய கட்டளையினாலும் அல்ல. அவருக்கு எதிராக ஒரு வரிக் குற்றச்சாட்டுக்கூட எங்கும் எழுதப்படவில்லை. அதனால்தான் அதை எதிர்ப்பதற்கு வழி தெரியாமல் நிற்கிறோம்.

கணினிக்கொட்டில்

ஐயா சொன்ன அந்த "எழுதப்பட்ட ஒரு வரி"தான் ஐரோப்பாவில் இப்போது சட்டமாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, பதிவை நீக்கினால் மட்டுமல்ல, அதன் பார்வையைக் குறைத்தாலும் தெளிவான காரணத்தைப் பதிவிட்டவருக்குத் தர வேண்டும் என்கிறது. அச்சட்டம் 2024 பெப்ரவரி 17 முதல் எல்லாத் தளங்களுக்கும் பொருந்துகிறது. அதே ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் மாவட்ட நீதிமன்றம், ஒரு பயனரின் கணக்கைத் தேடலில் மறைத்துவிட்டுப் போதிய காரணம் தராத எக்ஸ் (முன்னைய ருவிற்றர்) தளம் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது.

இதை எங்கள் நிலைமையோடு வைத்துப் பாருங்கள். நந்திக்கடலோரம் அக்காவின் கஞ்சிக் காணொளியைப் பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் அவருடைய மைத்துனி தன் கணக்கில் போட்டு, அது மறைக்கப்பட்டால், மைத்துனி காரணம் கேட்கலாம். கிடாரத்தருகே நின்று எடுத்தவர் கேட்க முடியாது. ஆகவே புலம்பெயர்ந்த உறவுகளிடம் நாம் கேட்கக்கூடிய உதவிகளில் இதுவும் ஒன்று: எங்கள் காணொளியை உங்கள் கணக்கில் ஏற்றுங்கள், எட்டுகை இறங்கினால் சட்டப்படி காரணத்தை எழுதிக் கேளுங்கள், வரும் பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள். அமெரிக்காவின் ஜனநாயகத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான மையம் 2025 இல் தமிழ்ப் பதிவுகளைத் தளங்கள் கையாளும் விதம் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எங்கள் மொழிக்கு என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். கேட்பவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் ஒழுங்கான பதிவு இருக்க வேண்டும்.

ஓலைக்கீற்று

என்ன எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள் தங்கச்சி. கொப்பியில் என்றாலும் எழுதலாம்.

கணினிக்கொட்டில்

கொப்பியே போதும் அக்கா. பதிவிட்ட நாளும் நேரமும், தலைப்பில் எழுதிய சொற்கள் ஒன்றும் விடாமல், ஒரு நாளிலும் மூன்று நாட்களிலும் ஏழு நாட்களிலும் வந்த பார்வை, அதில் பின்தொடராதோரின் பங்கு. அத்தோடு அதற்கு முந்திய ஐந்து பதிவுகளுக்கும் அதே கணக்கு. முந்தியது இல்லாமல் பிந்தியதை மட்டும் காட்டினால் எவரும் ஏற்கமாட்டார்கள். பாலியாற்றான் அண்ணா சொன்னபடி, மறைப்பு அல்லாத சரிவுகளையும் மறைக்காமல் எழுதுங்கள். நான் ஒரு விரிதாள் திறந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருடைய கணக்கையும் அதில் ஏற்றுகிறேன். எவருடைய பெயரும் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

வயல்வரம்பு

நான் வெட்டி எறிந்த பகுதிகள் பழைய தொலைபேசியில் இன்னும் இருக்கின்றன. பதினொரு காணொளிகள். அவற்றை முழுமையாக மறுபடி ஏற்றி, வெட்டியதற்கும் வெட்டாததற்கும் வரும் கணக்கை வரிசையாகத் தருகிறேன். காலபோக விதைப்பு வேலை தொடங்க முன் முடித்துவிடுவேன்.

நந்திக்கடலோரம்

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை அம்மாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். கஞ்சிக் காணொளியின் மூலப் பிரதியை இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, ஒன்றை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். தலைப்பில் நான் முதலில் "மே மாதக் கஞ்சி" என்றுதான் எழுதியிருந்தேன் என்பதை ஐயா எழுதியதை வாசித்த பிறகுதான் கவனித்தேன். இப்போது "முள்ளிவாய்க்கால் கஞ்சி, புதுக்குடியிருப்பு" என்று ஆண்டோடு சேர்த்து முழுமையாக எழுதி, மறுபடி ஏற்றியிருக்கிறேன். நேரம் காலை 9.40. மைத்துனிக்கும் அனுப்பியாயிற்று, அங்கே விடிந்ததும் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் மூன்று நாள் கணக்கை வெள்ளிக்கிழமை இங்கே எழுதுகிறேன்.